வாசலில் வைத்த சோறு

2022 ஜனவரியில் வந்த 'புத்தம் புதுக் காலை விடியாதா' தொகுப்பில் மதுமிதா இயக்கிய 'மௌனமே பார்வையாய்' சத்தமில்லாத குறும்படம். நதியாவும் ஜோஜு ஜார்ஜும் மனைவி, கணவன். ஒரே வீடு, பேச்சு கிடையாது. மனைவிக்கு நோய் அறிகுறி தெரிந்த பிறகுதான் கணவனின் அக்கறை வெளியே வருகிறது. விலகியிருக்க வேண்டிய நேரத்தில் நெருக்கம் வருகிறது.

விலகல் அன்பாக முடியுமா? கம்பம் பள்ளத்தாக்கின் சேரியொன்றில் வளர்ந்த எனக்கு இது லேசான கேள்வி இல்லை. கொரோனா நாளில் நோயாளியின் அறைவாசலில் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். எங்க அம்மா தலைமுறைக்கு இது புதுசா? களையெடுக்கப் போன காட்டுல, கையேந்தி நின்னு, எட்ட இருந்து ஊத்துன கஞ்சியைக் குடிச்சவங்க. டீக்கடையில தனி டம்ளர். பார்க்க ரெண்டும் ஒரே தூரம்.

ஆனால் ஒன்றென்று விட்டுவிட முடியாது. நோயின் விலகலுக்குக் கணக்கு இருந்தது: 14 நாள், அப்புறம் கதவு திறந்தது. ஊர்த்தலைவருக்கு வந்தாலும் அவரும் விலக வேண்டியிருந்தது. எதிரே இருப்பவர் பிழைக்கட்டும் என்பதே காரணம். சாதியின் விலகலுக்கு நாள்கணக்கு கிடையாது. நாம்தான் எப்போதும் விலக வேண்டும். அது காப்பாற்றுவது அவர்களின் உசத்தியை.

அதனால்தான் 2020இல் சுவரெல்லாம் 'சமூக இடைவெளி' என்று எழுதியபோது நமக்குச் சுருக்கென்றது. உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச்சில் உடல்ரீதியான இடைவெளி என்று சொல்லை மாற்றிக்கொண்டது. இங்கே சமூக இடைவெளிக்குக் குறைச்சலா என்ன? 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஊரும் சேரியும் இன்னும் தனித்தனிதான்.

இன்னொன்றும் உண்டு. சாதி நம் உடலைத் தள்ளி வைக்கும், உழைப்பைத் தள்ளி வைக்காது. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியக்காலம் போகிற ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். 2020இல் எல்லை அடைபட்டதும் கூலி நின்றது. சாக்கடை அள்ளுகிறவர்களுக்கோ ஊரடங்கே இல்லை. மார்ச் 22இல் நாடே கைதட்டியது. தட்டிய கைகளில் எத்தனை அவங்க கையால ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்கும்?

ஆக, இடைவெளி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. யாருக்காக இந்த விலகல்? ரெண்டு பக்கமும் விலகுதா? எப்ப முடியும்? நோய் இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருந்தது. ஊரிடம் நாம் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.