மூலையில் ஒரு பெயர்

சென்ற ஐப்பசியில் மூன்று நாள் வடகவுஞ்சியில், ஒரு நண்பரின் காப்பித் தோட்ட வீட்டில் தங்கியிருந்தேன். கதை எழுதப் போனவன். அடைமழையில் கதை ஓடவில்லை. சுவரில் தொங்கிய பழைய பூப்படம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பரின் பாட்டனார் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியதாம். காசித்தும்பை இனத்து மலைப்பூ. கீழ் மூலையில், எறும்பு ஊர்ந்தாற்போல, 'ரங்கையா' என்று ஆங்கில எழுத்தில் ஒரு பெயர்.

1819-இல் கம்பெனியின் வைத்தியராகச் சென்னைக்கு வந்தவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். தென்னாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்து படங்களோடு நூல்கள் வெளியிட்டார். 1836-இல் இந்தப் பழனி மலைக்கும் ஏறி வந்திருக்கிறார். அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் முதலில் ரங்கையா, பின்னர் கோவிந்து. படத்தின் கோடுகளைக் கல்லச்சில் கறுப்பாக அச்சிடுவார்கள். பிறகு ஒரு மாதிரிப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, பிரதி பிரதியாகக் கையால் வர்ணம் தீட்டவேண்டும். செலவு பிடித்த காரியம்! 2101 படங்கள் கொண்ட தம்முடைய பெருநூலை வைட் வர்ணமில்லாமலே வெளியிட்டார்.

மற்ற நூல்களுக்கு வர்ணம் தீட்டியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். நூறாவது பிரதியிலும் முதல் பிரதியின் சிவப்பே வரவேண்டும். கொஞ்சம் கற்பனை ஓடினாலும் பூ பொய்யாகிவிடும். தன்னை மறைத்துக்கொள்வதே அந்தத் தொழிலின் தர்மம். சொந்தச் சரக்கைச் சேர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இது சற்று உறைக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருவன் தன்னை மறைத்துக்கொள்வது வேறு, பிறர் அவனை மறைத்துவிடுவது வேறு அல்லவா? அவனுடைய அடக்கத்தைப் புகழ்ந்துகொண்டே நாம் இரண்டாவதைச் செய்துவிடுகிறோம்.

வைட் அப்படி முழுக்க மறந்துவிடவில்லை. ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரால் 'கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார். பிற்பாடு, அந்தச் செடி முன்பே 'ட்ரோபிடியா' என்று பெயரிடப்பட்ட இனத்தைச் சேர்ந்தது என்று கண்டார்கள். முந்திய பெயரே நிலைக்கும் என்பது தாவர சாஸ்திர விதி. கோவிந்துவின் பெயர் தள்ளுபடியாயிற்று. போகட்டும். கொடுத்த மரியாதை கொடுத்ததுதான். அதை எந்த விதியும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

கொடுக்காத மரியாதைக்கு என்ன சொல்வது? என் முதல் நாவலைத் தட்டச்சு செய்து கொடுத்த பெண்மணி, ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், மூணாம் அத்தியாயத்திலே குறிஞ்சி பூக்குது. நாலே வருஷம் கழிச்சு மறுபடியும் பூக்குதே?" பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது அது; இந்த மலையில் 2006-இல் பூத்தது, அப்புறம் 2018-இல்தான். அவசரமாகத் திருத்தினேன். 'இயற்கையை நுணுகிக் கண்டவர்' என்று ஒரு விமரிசகர் என்னைப் பாராட்டினார். முன்னுரையில் பதினோரு பேருக்கு நன்றி சொல்லியிருந்தேன். அந்தப் பதினொருவரில் அவர் இல்லை.

மலையிலிருந்து இறங்கி வந்தபோது, புதிய பதிப்புக்கு முன்னுரை கேட்டுப் பதிப்பாளரின் கடிதம் காத்திருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாளின் பெயர் நினைவுக்கு வரவில்லை.