நினைவூட்டுவது யார் கடமை?



எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் வாலிபன் ஒருவன் தினமும் மாத்திரை உட்கொள்ள, கைப்பேசி மணியடித்து நினைவூட்டினால் போதுமா? அயலாராகிய நமக்கு அதில் கடமை ஒன்றுமில்லையா?

நம் அரசாங்கம் 2004-ஆம் ஆண்டு முதல் இம்மருந்தை இலவசமாகக் கொடுத்து வருகிறது. நாள் தவறாமல் உட்கொள்பவன் நெடுங்காலம் வாழலாம். அடிக்கடி தவறினாலோ, கிருமி மருந்துக்கு அடங்காமற்போகும். ஆகவே தென்னிந்தியாவில் 631 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு சாராருக்கு இரண்டாண்டுகள் வாரந்தோறும் கைப்பேசி அழைப்பும் படச் செய்தியும் சென்றன. மறு சாராருக்கு இல்லை. 2014-இல் வெளியான முடிவு என்ன? இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

கருவி வீண் என்று நான் சொல்லவில்லை. மறதிக்கு மணி உதவும், வெட்கத்துக்கு உதவாது. நம் ஜவ்வாது மலையில், யார் எந்தப் பஸ்ஸில் எதற்காகத் திருவண்ணாமலை போனார் என்பது மாலைக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அப்படியிருக்க, மணி அடித்தாலும் அவன் பிறர் முன்னிலையில் மாத்திரையை எடுப்பானா? அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தவர்கள் யார்? நாமல்லவா?

தன் நோயை வெளியிடும்படி ஒருவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். பிறர் சிநேகம் அதற்கும் மேலே போக வேண்டும். அவன் சொன்னால் பொறுமையாய்க் கேளுங்கள்; சொல்லாவிட்டால் துருவிக் கேளாதீர்கள். கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். சேர்ந்து உண்பதால் இக்கிருமி தொற்றாது. உங்கள் பந்தியில் அவனுக்கு இடங்கொடுங்கள்.

நேரத்தை மணி சொல்லட்டும். மணி அடிக்கையில் அவன் மறைவிடம் தேடாதபடி செய்வது நம் கடமை.