பேரன் பெறும் திருநாமம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸ்ரீவைஷ்ணவத் திருமாளிகையில் ஒரு குழந்தை பிறந்தால், தீட்டுக் கழிந்த பதினோராம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ புண்யாஹவாசனம் நடைபெறுகிறது. தட்டில் பரப்பிய அரிசியில் பெயரை எழுதி, குழந்தையின் வலச்செவியில் அதைச் சொல்லுகிறார்கள். கண்ணன் பிறந்த பன்னிரண்டாம் நாளைத் திருவாய்ப்பாடி கொண்டாடிய சிறப்பைப் பெரியாழ்வாரும் தம் முதல் திருமொழியிலேயே அநுபவித்துப் பாடியிருக்கிறார். ஆகையால் இந்த நாள் நமக்கு ஒரு சடங்கு மாத்திரம் அன்று. ஆழ்வார் திருவுள்ளம் உகந்த திருநாள்.

அந்த நாள் வருவதற்குள் அகத்தில் ஒரு விசாரம் எழுந்துவிடுகிறது. என்ன பெயர் இடுவது? தகப்பனார் வழிப் பாட்டனார் பெயரா, தாயார் வழிப் பாட்டனார் பெயரா? அல்லது பிறந்த நாட்டில் எல்லோர் நாவிலும் எளிதில் புரளும் சிறு பெயரா? இவ்விஷயத்தில் ஆழ்வார் அருளிச்செய்ததையும் பூர்வாசார்யர்கள் அநுஷ்டித்துக் காட்டியதையும் சேர்த்து அநுஸந்திப்போம்.

தமிழில் மகனுடைய மகனுக்குப் பேரன் என்று பெயர். பெயரன் என்பதே பேரன் என்று ஆயிற்று. பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். குடும்ப வரலாற்றிலிருந்து பெயர் எடுப்பது நம் மொழியிலேயே உறைந்திருக்கும் வழக்கம் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் பெரியாழ்வார் திருமொழி நான்காம் பத்தின் ஆறாம் திருமொழியைச் சேவிக்கும்போது ஒரு ஐயம் எழுகிறது. பிள்ளைகளுக்கு மானிடப் பெயர் இடுவாரை ஆழ்வார் அதில் பாட்டுத்தோறும் கடிந்துரைக்கிறார். மண்ணிலே பிறந்து மண்ணாகப் போகிறவனுக்கு, அப்படியே மண்ணாய்ப்போன மற்றொருவன் பெயரை இடுவதால் மறுமைக்கு ஆவது என்ன என்று கேட்கிறார். எம்பெருமான் திருநாமத்தைத் தன் பிள்ளைக்கு இட்ட தாய்க்கு நரகம் இல்லை என்று பாட்டுத்தோறும் உறுதியும் கூறுகிறார். ஆகில், பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவதும் ஆழ்வார் திருவுள்ளத்துக்குப் புறம்போ?

அன்று. ஆழ்வார் யாரைக் கடிந்தார் என்பதை முதல் பாட்டிலிருந்தே காணலாம். காசுக்கும், கரையிட்ட ஆடைக்கும், இப்படிப்பட்ட அற்பப் பொருள்களுக்கும் ஆசைப்பட்டுப் பிறர் பெயரைத் தம் பிள்ளைக்கு இடுவாரையே அவர் கடிகிறார். தலைக்கு எண்ணெயும், நெற்றிக்குச் சுட்டியும், கைக்கு வளையும் கிடைக்கும் என்று பெயரை விற்பாரை நோக்கியே மேலும் பேசுகிறார். பிச்சை எடுத்து வாழ நேர்ந்தாலும் எம்பெருமான் திருநாமத்தையே விரும்புங்கள் என்பது அவருடைய உபதேசம். ஆகவே அவர் விலக்கியது, பெயரை ஆதாயத்துக்கு ஈடாக்குவதை. இன்று எண்கணிதம் பார்த்து, செல்வம் சேரும் என்று திருநாமத்தில் ஓர் எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தக் கரையிட்ட ஆடைக்கு ஆசைப்பட்டதற்கு ஒப்பாகும். பாட்டனார் பெயரை நன்றியினால் இடுவது வேறு.

நன்றியினால் பெயர் இடுவது எப்படி என்பதை எம்பெருமானார் காட்டியருளினார். ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது அவருடைய சரமத் திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்ததை உடையவர் ஸேவித்தார். நிறைவேறாத மூன்று திருவுள்ளங்களின் குறிப்பு அது என்று உணர்ந்து, அவற்றைத் தாம் நிறைவேற்றுவதாக ப்ரதிஜ்ஞை செய்தார். வ்யாஸர், பராசரர் ஆகிய மஹரிஷிகளிடத்தில் நன்றி விளங்கச் செய்வது அவற்றுள் ஒன்று. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தாலே தத்வங்களை உள்ளபடி உணர்த்திய பராசரருடைய வள்ளன்மையை ஆளவந்தார் தம்முடைய ஸ்தோத்ரரத்நத்திலும் போற்றியிருக்கிறார். பிற்காலத்தில், நம்பெருமாள் ப்ரஸாதத்தால் கூரத்தாழ்வானுக்குத் திருக்குமாரர்கள் அவதரித்தபோது, அக்குழந்தைகளைக் கொண்டுவரும்படி எம்பாரை உடையவர் நியமித்தார். எடுத்துவரும் வழியில், குழந்தைகளுக்குக் காப்பாக எம்பார் த்வயத்தை அநுஸந்தித்தார். பின்பு உடையவர் ஒருவருக்குப் பராசர பட்டர் என்றும் மற்றவருக்கு வேதவ்யாஸ பட்டர் என்றும் திருநாமம் சாற்றினார். எம்பாருடைய திருத்தம்பியாரின் குமாரருக்கோ, நம்மாழ்வார் திருநாமத்தாலே பராங்குச நம்பி என்று பெயர் இட்டார்.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. ஒரு தலைமுறை செலுத்த முடியாத கடனை அடுத்த தலைமுறை ஒரு குழந்தையின் பெயராலே செலுத்தியது. அந்தக் கடன் பொன்னால் தீருவது அன்று. நாள்தோறும் அப்பெயரைச் சொல்லுவதாலே தீருவது. ஆழ்வான் திருமாளிகையில் குழந்தையை அழைக்கும்போதெல்லாம் ஸ்ரீவிஷ்ணுபுராணம் அருளிய மஹரிஷிக்கு நன்றி சொல்லியதாயிற்று.

நாதமுனிகளும் இப்படியே செய்தருளினார். தாம் யமுனைக் கரையில் எம்பெருமானை அநுபவித்திருந்த காலத்தை மறவாமல், தம் பேரனுக்கு யமுனைத்துறைவன் என்னும் திருநாமம் இடும்படி தம் குமாரர் ஈச்வரமுனிகளிடம் நியமித்தார். தம்முடைய பெயரைப் பேரன் தாங்க வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. தம் அநுபவத்தைத் தாங்க வேண்டும் என்று எண்ணினார். அந்தப் பேரனே ஆளவந்தார்.

இரு வீட்டாரும் தம் தம் பெயரே வேண்டும் என்று நிற்கும்போது, வடக்குத் திருவீதிப்பிள்ளை திருமாளிகையை நினைப்பது நலம். தம் ஆசார்யரான நம்பிள்ளையின் அருளாலே பிறந்த குமாரருக்கு, நம்பிள்ளையின் சிறப்புத் திருநாமமான லோகாசார்யர் என்பதையே அவர் சாற்றினார். நம்பிள்ளையோ அக்குழந்தைக்கு அழகிய மணவாளன் என்று பெயரிடத் திருவுள்ளம் பற்றியிருந்தார். பின்பு இரண்டாம் குமாரர் அவதரித்தபோது அவருக்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்ற திருநாமம் அமைந்தது. சிஷ்யனுடைய நன்றியும் நின்றது. ஆசார்யனுடைய திருவுள்ளமும் நிறைவேறியது. நம் அகங்களிலும் முதற்பிள்ளைக்குத் தகப்பனார் வழிப் பாட்டனார் பெயரும் அடுத்த பிள்ளைக்குத் தாயார் வழிப் பாட்டனார் பெயரும் இடும் வழக்கம் இருக்கிறது. பொறுமை உள்ள இடத்தில் இரண்டு பெயர்களுக்கும் இடம் உண்டு.

மேலும், ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பாட்டனார் பெயர் என்பதுதான் யாருடைய பெயர்? அவருக்கு முன்னவர் அதை எம்பெருமானிடமிருந்தே பெற்றார். சௌரிராஜன் என்று வழிவழியாகப் பெயர் வரும் குடும்பத்துக்குத் திருக்கண்ணபுரத்தோடு உறவு தெரிகிறது. ஆராவமுதன் என்றால் திருக்குடந்தை. வீரராகவன் என்றால் திருவெவ்வுள். பார்த்தஸாரதி என்றால் திருவல்லிக்கேணி. ஸம்பத்குமாரன் என்றால் திருநாராயணபுரம். பெண் குழந்தைகளுக்கும் அப்படியே: கோமளவல்லி குடந்தையையும், பெருந்தேவி திருக்கச்சியையும், வஞ்சுளவல்லி திருநறையூரையும் சொல்லுகின்றன. பாட்டியார் பெயரை இடும்போது ஒரு திவ்யதேசத்துப் பிராட்டியின் திருநாமம் மறுபடியும் அகத்துக்குள் எழுந்தருளுகிறது. கடல்கடந்த நாட்டில் வளரும் குழந்தை ஒருநாள், எனக்கு ஏன் சௌரிராஜன் என்று பெயர் என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினால் அது திருக்கண்ணபுரத்தில் போய் முடியும். வேறு எந்தச் சொத்தும் இப்படித் தன் ஊருக்கு வழி காட்டாது.

இங்கே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாமனார் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள், அப்பெயர் இட்ட பிள்ளையை வேறு பெயரால் அழைப்பது பழைய வழக்கம். மரியாதையினால் வந்த வழக்கமே ஆயினும், முடிவில் திருநாமம் அரிசியில் எழுதியதோடு நின்றுவிடுகிறது. நாள்தோறும் வாயில் வருவது பொருளற்ற ஒரு செல்லப்பெயர். இன்றோ கூச்சத்தின் இடத்தைப் பள்ளிக்கூடமும் பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டன. பதிவேட்டில் நீண்ட திருநாமம், அகத்தில் இரண்டெழுத்து.

ஆழ்வார் சொன்ன பலன் அழைக்கும் தாய்க்கு உரியது. ஸ்ரீபாகவதத்து அஜாமிளன் சரித்திரமும் இதையே காட்டும். பத்துப் புதல்வருள் இளையவனுக்கு நாராயணன் என்று பெயர். அந்திம காலத்தில் அஞ்சி அந்தப் பிள்ளையைக் கூவினான். விஷ்ணுதூதர்கள் வந்து நின்றார்கள். பெயரை இட்டு வேறு விதமாக அழைத்திருந்தால் அந்த நேரத்தில் அவன் நாவில் என்ன வந்திருக்கும்?

இதற்குப் பரிஹாரம் எளியது. பெரியவர் பெயரை அழைக்கக் கூசினால், அதே எம்பெருமானுடைய வேறொரு திருநாமத்தால் அழைக்கலாம். ஆழ்வாரும் இத்திருமொழியில் ஒரே பெயரை விதிக்கவில்லை. கேசவன், ஸ்ரீதரன், மாதவன், கோவிந்தன், தாமோதரன் என்று பலவற்றை எடுத்து வைக்கிறார். ஸ்ரீநிவாஸன் என்ற பாட்டனார் பெயரை இட்டுக் கோவிந்தா என்று அழைத்தால் பாட்டனாரும் உகப்பார்; திருமலையப்பனும் உகப்பான். சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பார்த்துச் சுருக்க வேண்டும். பார்த்தஸாரதியைப் பார்த்தா என்று அழைத்தால் தேரில் இருந்தவன் நிற்கிறான், தேரை ஓட்டியவன் இறங்கிவிடுகிறான். ஸாரதி என்றால் எம்பெருமான் தேர்த்தட்டிலேயே நிற்கிறான்.

ஒரு தாய் தன் குழந்தையை ஒருநாளில் எத்தனை முறை அழைக்கிறாள்! பாலூட்ட அழைக்கிறாள், தூங்கவைக்க அழைக்கிறாள், கோபித்தும் அழைக்கிறாள். ஜபத்துக்கு என்று தனியே அமரக் காலம் இல்லாதவளுக்கு அத்தனை அழைப்பும் திருநாம ஸங்கீர்த்தனமாக வேண்டும் என்பதே ஆழ்வாருடைய கருணை. ஆகையால் புதிதாய்க் குழந்தை வந்திருக்கும் அகங்களில், குடும்பத்து முன்னோர் யார் யார், அவர்கள் எந்தத் திவ்யதேசத்து எம்பெருமான் திருநாமத்தைத் தாங்கினார்கள் என்று பெரியோரைக் கேட்டறிந்து, அதிலிருந்து ஒரு திருநாமத்தை நன்றியோடு தேர்ந்தெடுப்பது. தேர்ந்தெடுத்த திருநாமத்தை வாய் நிறைய அழைப்பது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்