கடனில் வாங்கிய வீடு யாருடையது?

கடன்படுதல் இழிவு என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. கடனே செல்வத்திற்கு ஏணி என்பது இக்காலத்தார் சிலர் கொண்ட கொள்கை. பிறர் பணத்தால் வீடு வாங்கி, குடியிருப்போர் தரும் வாடகையால் தவணை கட்டி, விலை உயர்ந்தபின் அதனையே ஈடாக வைத்து மற்றொரு வீடும் வாங்கலாம் என்று இவர்கள் உரைக்கின்றனர். இவ்விரண்டில் எது அறம்? தோட்டத்து லயத்தினின்றும் பட்டணத்து வீட்டிற்கு வந்துசேர்ந்த நம்மவர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

முதற்கண் கணக்கைக் காண்போம். ஒருவர் 300,000 வெள்ளி பெறுமான வீட்டைத் தம் கைப்பொருள் 30,000 வெள்ளியும், பாங்கிக் கடன் 270,000 வெள்ளியும் கொண்டு வாங்குகிறார் எனக் கொள்க. விலை பத்தில் ஒரு பங்கு ஏறினால் அவர் இட்ட முதல் இரட்டிக்கின்றது. அதே பங்கு இறங்கினாலோ, இட்ட முதல் முழுதும் அழிகின்றது. கடனோ ஒரு காசும் குறைவதில்லை. நூற்றுக்கு 4 வட்டியில் 35 ஆண்டுத் தவணையாயின், மாதம் ஏறக்குறைய 1,195 வெள்ளி கட்டல் வேண்டும். முதல் மாதத்தில் 900 வெள்ளி வட்டிக்கே போய்விடும். 35 ஆண்டும் முடிந்தபின் பார்த்தால், கட்டிய தொகை 500,000 வெள்ளிக்கு மேலாகும். இடையில் வட்டி நூற்றுக்கு 5 ஆனால் சுமை இன்னும் ஏறும். குடியிருப்போர் போய் வீடு பூட்டிக்கிடந்தாலும் தவணை நிற்பதில்லை.

ஆகவே ஏணி என்று சொல்லப்படுவது ஏறவும் செய்யும், இறக்கவும் செய்யும். இறங்குங்கால் விழுபவர் யார் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

பர்மாவின் வரலாறு இதற்குச் சான்று பகரும். கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களை ஈடாகக் கொண்டு நம் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் உழவர்க்குக் கடன் கொடுத்தனர். 1930இல் நெல்விலை வீழ்ந்தது. உழவரால் வட்டியும் கட்ட இயலவில்லை. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டிமார் கையில் இருந்தது. 1937க்குள் அது ஏறத்தாழ நூற்றுக்கு 25 பங்காயிற்று. உழவன் நிலமிழந்தான். கொடுத்தவரேனும் வாழ்ந்தனரா? அவர் விரும்பியது பணம். கிடைத்ததோ வாங்குவாரற்ற நிலமும், அந்நாட்டு மக்களின் பகையும். 1942இல் போர் வந்தது. 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. வாங்கியவனும் கொடுத்தவரும் ஒருங்கே இழந்தனர். விலை இறங்காது என்று இருவரும் நம்பியதன் விளைவு இது.

இன்று சட்டம் சில வரம்புகளை இட்டுள்ளது. மலேசியாவில் 2010 முதல், மூன்றாவது வீட்டுக்கடன் தொடங்கி விலையில் நூற்றுக்கு 70க்கு மேற் கடன் கிடையாது. சிங்கப்பூரில் 2021 டிசம்பர் முதல், வீட்டுக்கடன் வேண்டுவோரின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து வருவாயில் நூற்றுக்கு 55க்கு மேற்படலாகாது. நல்லதே. ஆயின், மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடையில் இருப்பதையும், தங்கையின் கணவர் ஜாமீன் கையெழுத்திட்டுவிட்டு இரவெல்லாம் உறங்காதிருப்பதையும் சட்டம் அறியுமோ? இலாபம் வந்தால் பத்திரத்தில் ஒரு பெயர். நட்டம் வந்தால் குடும்பம் முழுதும் பங்கு! அவர்களைக் கேளாமல் அவர்கள் வாழ்வைப் பணயம் வைப்பது சூதாட்டமேயன்றி முதலீடாகாது.

அங்ஙனமாயின் ஏழை சொத்தே கொள்ளலாகாதா என்பர். கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர் அவற்றைத் துண்டுகளாக்கி விற்றனர். தொழிலாளி வேலையையும் லயத்து வீட்டையும் ஒரே நாளில் இழந்தான். அதனைத் தடுக்க 1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு பெற்றனர். சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. இங்கே சொத்தினால் பயன் பெறுவோரும், அதன் சுமையைத் தெரிந்தே தாங்குவோரும் ஒருவரே. அறத்தின் அளவுகோல் இதுதான். ஒரு குடும்பம் தான் வாழும் ஒரு வீட்டிற்காக, தன் ஊதியம் தாங்குமளவு கடன் கொள்வதும் இதன்பாற்படும்.

அன்பர்களே! வாடகைக்கு விட வீடு வாங்குவது குற்றமென்று யாம் கூறவில்லை. வாங்குமுன் மூன்று செய்க. ஆறு மாதத் தவணையைக் கையில் ஒதுக்கி வையுங்கள். விலை இறங்கி, வட்டி ஏறி, வீடும் பூட்டிக்கிடந்தால் என்னாகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அத்தாளை மனைவி மக்கள் முன் படித்துக் காட்டி அவர் சம்மதம் பெறுங்கள். படித்துக் காட்ட நா எழவில்லையாயின், அவ்வீடு உங்களுக்குரியதன்று. விரலுக்குத் தகுந்த வீக்கமே நலம்.