வினையும் மின்கசிவும்

கொல்லிமலையில் உயிரைக் கவரும் அழகைப் பற்றிய கதை மிகப் பழைமையானது. மலைச்சாரலில் தெய்வமோ பூதமோ ஆக்கிவைத்த பாவை ஒன்று உண்டென்று சங்கப் புலவர் பாடினர். தன்னை அணுகியவரை அது சிரித்து மயக்கி மாய்த்துவிடும் என்று பிற்கால மரபு விரித்துரைத்தது. எட்டுக்கை அம்மனாக வழிபடப்பெறுபவள் அவளே என்று நம்புவோர் இன்றும் உளர். மாண்டவரின் தலைவிதியை ஆராயப் புகாமல், பாவையை ஆக்கியது யார் என்பதையே அந்தப் பழம்பாடல்கள் முதலில் எடுத்துரைப்பது எனக்கு எப்போதும் வியப்பையே தந்து வந்திருக்கிறது.

அதே மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து, மார்கழிக் குளிரில் நடுங்கும் விருந்தினருக்கென்று, ஹீட்டரும் பம்பும் அடியில் ஒரு விளக்குமாக வெந்நீர்த் தொட்டி அமைக்கும் ஆசை மலைவீட்டுக்காரர் ஒருவருக்கு எழுகிறதென்று கொள்வோம். அமைத்த சில மாதங்களில் மின்பலகையிலுள்ள ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகத் தொடங்குகிறது. உள்ளே செல்லும் மின்னோட்டமும் மீண்டு வரும் மின்னோட்டமும் சமமாக இல்லாதபோது, அந்த வேறுபாடு 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி அது; மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் இதே தத்துவத்தில் நுட்பமானதொரு காப்புக் கருவியை 1961-இல் உருவாக்கினார். நனைந்த உடலின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியே பாயக்கூடியது கால் ஆம்பியருக்கும் குறைவே. ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும், ஆனால் மிகை மின்னோட்டத்தை மட்டுமே தடுக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ அதைப் பொருட்படுத்தவே செய்யாது.

“சும்மா சும்மா விழுகிறது” என்று சலித்துக்கொண்டு, அக்கருவியைச் சுற்றி ஒரு கம்பியை இழுத்து நேரே இணைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. காரணமின்றிக் காரியமில்லை என்று ஆயிரம் ஆண்டுகளாக வாதிட்டு வந்த நாட்டில் இது நடப்பது வேடிக்கைதான். எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது தர்க்க நூலார் சொல்லும் அன்வய வியதிரேகமே: மெயினை நிறுத்தி, எல்லா உறுப்புகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக இணைத்து, எது சேர்ந்தால் விழுகிறது, எது நீங்கினால் விழாமல் நிற்கிறது என்று காணுதல். பெரும்பாலும் அகப்படுவது ஹீட்டர்தான். அதன் உறையில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று விட்டிருக்கும், உள்ளே அடைத்த மக்னீசியம் ஆக்ஸைடு பொடி ஈரம் உறிஞ்சியிருக்கும். சில வேளைகளில் குற்றவாளி ஒருவராகவே இருப்பதில்லை. ஹீட்டரில் 12, பம்பில் 14 மில்லியாம்பியர் என்று கசிந்தால், தனித்தனியே இரண்டும் சோதனையில் தேறிவிடும். சேரும்போதுதான் கருவி விழும்.

இனி, இப்படிக் கருவி செயலிழக்கச் செய்யப்பட்ட அத்தொட்டியில் ஒருவர் இறந்துபோகிறார் என்று கொள்வோம். “விதி” என்கிறார் வீட்டுக்காரர். கம்பியை இழுத்து இணைத்தவர் இவர். இறந்தவரோ முந்தின நாள் மாலை வந்திறங்கிய விருந்தினர். அவரவர் வினையை அவரவரே நுகர வேண்டும் என்னும் கொள்கை இங்கே தடுமாறுவதாகத் தோன்றலாம்; சைவ சித்தாந்தி தடுமாறமாட்டார். விருந்தினர் நுகர்ந்தது பிராரப்தம் என்றே அவர் சொன்னாலும், வீட்டுக்காரர் செய்தது அந்தக் கணத்திலேயே அவருடைய ஆகாமியமாக ஏறிவிட்டது என்றும் உடன் சொல்வார். ஒருவருடைய பழவினை மற்றொருவருடைய புதுவினைக்கு மன்னிப்புச் சீட்டாகாது. ஊழை 38-ஆம் அதிகாரத்தில் அத்தனை வலிமையோடு நிறுத்திய வள்ளுவர், 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும் தனியே வைத்தார் என்பதை இவ்விடத்தில் நினைத்தல் தகும்.

ஆகவே விதி உண்டா இல்லையா என்ற வழக்கினும், அச்சொல்லை எடுத்தாளும் உரிமை யாருக்கு என்ற வழக்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இறந்தவரின் தாய் அதைச் சொல்லலாம். அழுது ஓய்ந்தவளுக்கு அது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. வீட்டுக்காரர் அதைச் சொல்லும்போது, அவளுக்குரிய ஆறுதலைக் களவாடித் தம் பாதுகாப்புக்குப் பயன்படுத்துகிறார்.

மாதந்தோறும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தவரும் இதே சொல்லைச் சொன்னால்? அப்பொத்தான் கருவி இயங்குகிறதென்று காட்டுமே தவிர, எர்த் சரியாக உள்ளதென்று காட்டாது. மேல்மண் மெலிந்து அடியில் பாறை கிடக்கும் மலையில், கரியும் உப்பும் இட்ட எர்த் குழி சித்திரை வெயிலில் உலர்ந்து, தடை ஏறிவிடக்கூடும். அதனையும் கோடையிலேயே அளந்து, குழிக்கு நீர் வார்த்து, மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்து ஹீட்டரையும் பார்த்தவராயின், அந்தத் தாயின் அருகே சென்று அமர அவருக்குக் கூசாது.