இருவினையொப்பும் மனம் மரத்தலும்

சைவ சித்தாந்த நூல் பயில்வார் நாவில் அடிக்கடி வழங்குஞ் சொற்களுள் இருவினையொப்பு என்பது ஒன்று. வழங்குமளவிற்கு அதன் பொருள் விளங்கியிருக்கின்றதோவெனின், இல்லையென்றே சொல்லவேண்டும். நல்வினைப் பயனாகிய இன்பமும் தீவினைப் பயனாகிய துன்பமும் வந்து பொருந்துழி, ஒன்றை விரும்பி மற்றொன்றை வெறாது, இரண்டன்கண்ணும் உயிரினது அறிவு ஒரு தன்மைத்தாய் நிற்றலே இருவினையொப்பாம். புண்ணியமும் பாவமும் துலாக்கோலின் இரு தட்டுப்போல எடையான் ஒத்து நிற்றல் எனப் பொருள் கொள்வாரும் உளர். சிவஞான முனிவர் முதலிய உரையாசிரியர் கொண்ட பொருள் அதுவன்று. ஒப்பு வினைகளின்கண் நிகழ்வதன்று; வினைப்பயனை நுகரும் அறிவின்கண் நிகழ்வது. அது நிகழ்ந்தவழியே மலபரிபாகமும் சத்திநிபாதமும் கூடுதலின், முத்திநெறிக்கு இஃது இன்றியமையாத படியாயிற்று.

எடைக் கணக்காகப் பொருள் கொள்ளுதல் ஏட்டுப் பிழை, அதனால் பெருங்கேடில்லை. கேடு விளைப்பது மற்றொரு பிழை. எது வரினும் ஒன்றே, எவர் எக்கேடு கெடினும் ஒன்றே என்று மனம் மரத்துப் போதலை ஒப்பென்று கருதுதல் அது. இது ஞானத்தின் கோலம் பூண்டு வருதலின் அடையாளங் காண்டல் அரிது. பயிர் கருகினும் ஒன்று, விளையினும் ஒன்று என்பவன் ஏர் பிடிப்பது எதற்கு? அயல்வீட்டில் உலை ஏறாத நாளில் ‘இன்பமும் துன்பமும் ஒன்றே’ என்று திண்ணையில் அமர்ந்திருத்தல் ஞானமா, கன்னெஞ்சமா? மடத்து நிழலில் இருப்பார்க்கு இவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிது. நாள்தோறும் மாறும் வானத்தையும் விலையையும் நம்பி வாழ்வார்பால் வைத்து ஆராய்ந்தாலன்றி இதன் உண்மை வெளிப்படாது.

கம்பம் பள்ளத்தாக்கில், தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடியில் உள்ள ஊர் கோம்பை. மலைகள் வளைந்து நிற்க உட்குவிந்து கிடக்கும் நிலத்தைக் கோம்பை என்பது மலையடி ஊர்களின் வழக்கு. வெளியூரார் இப்பெயரை வேட்டைநாயின் பெயராகவே மிகுதியும் அறிவர். ஊரிலுள்ளாரைக் கேட்பின் காற்றையே முதலிற் சொல்லுவர். ஆனி ஆடித் திங்கள்களில் மேல்காற்று மலைமுகட்டைத் தாண்டிக் கீழிறங்கி வீசும். முகட்டின்மேல் கருமுகில் திரண்டு நிற்றல் கண்ணுக்கு நன்கு தோன்றும். ஆயின் மழையின் பெரும்பகுதி மலைக்கு அப்புறத்தே பொழிந்து தீரும். இப்புறம் வந்து சேர்வன காற்றும் சிறு தூறலுமே. ஐப்பசி கார்த்திகையில் கீழ்த்திசைப் பருவமழை வந்தாலன்றி இங்குள்ள மானாவாரி நிலத்தில் ஈரம் பிடியாது. சில கல் தொலைவில், கம்பம் உத்தமபாளையம் பக்கத்து வயல்களோ, 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்றணையின் நீரால் இருபோகம் விளைவன. அவ்வாயக்கட்டு 14,707 ஏக்கர் என்பர். தனக்குப் பெய்யாத முகிலையும், தன்னதல்லாத பசுமையையும் ஒருங்கே காண்பவன் கோம்பை மானாவாரி உழவன்.

ஆற்றுப் பாசனம் உடையார்க்கேனும் நிலைபேறு உண்டோவெனின், அதுவும் இன்று. 152 அடியாக இருந்த அணையின் நீர்மட்டம் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. நெடுநாள் வழக்கிற்குப்பின் 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் 142 அடி வரை தேக்குதல் கூடிற்று. கல்லும் சுண்ணமுங்கொண்டு கட்டியதன் பயனே இவ்வாறு ஏறியும் இறங்கியும் வருமாயின், வானத்தைக் குறைகூறி ஆவதென்னை?

இனி, இப்பள்ளத்தாக்கிலேயே ஒரு காட்சி காணலாம். இங்குப் பன்னீர்த் திராட்சை பெரிதும் விளைகின்றது. கொடியில் குலை பழுத்துக் கறுக்கும் தறுவாயில் மழை பெய்யின், கனியின் தோல் வெடித்துச் சாறு ஒழுகிக் குலை அழுகும். அதே நாளில் அதே மழை மலையடி மானாவாரிக் கொல்லையில் வாடி நின்ற நிலக்கடலைக்கும் மொச்சைக்கும் உயிர்கொடுக்கும். பந்தலின் கீழ் நிற்பவன் ‘பாழும் மழை’ என்கின்றான். கொல்லை வரப்பில் நிற்பவன் ‘தெய்வம் கண் திறந்தது’ என்கின்றான். மழை ஒன்றே. நன்மையும் தீமையும் மழையின் குணமாயின் இருவர்க்கும் ஒருபடித்தாகவே தோன்றல் வேண்டும். அவ்வாறின்மையால், அவரவர் நுகர்தற்குரிய பயனை அவரவர்க்குக் கூட்டுதற்கு மழை ஒரு வாயில் மாத்திரையே என்பது பெறப்படும். வினைப்பயன் உயிருடைய பொருளானும், உயிரில் பொருளானும், தெய்வத்தானும் என மூவழியான் வந்து பொருந்தும் என்று நூல்கள் கூறும். வாயிலை நோவதும் வாயிலைப் புகழ்வதும், ஓலை கொணர்ந்தவனை அடிப்பதும் அணைப்பதும் போல்வனவாம். கொடுப்போன் வேறு.

இதனை அறிந்த மாத்திரையானே ஒப்பு வந்துவிடுமோ? வாராது. அஃது அவிழ்ந்து போகும் இடம் ஒன்றுண்டு. இப்பக்கத்து ஊரார் பலர்க்கு மலைக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களோடு தொடர்புண்டு. சிலர்க்குத் தோட்டம், பலர்க்குக் கூலிவேலை. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஏலக்காய் கிலோ ஒன்று 7,000 ரூபாய் வரை ஏலம் போயிற்று. முந்தின ஆண்டின் பெருவெள்ளத்தால் செடிகள் அழிந்து வரத்துக் குறைந்தமை அதற்கு ஒரு காரணம். சில ஆண்டுகளுக்குள் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. விலை ஏறிய அன்று மகிழ்தல் குற்றமோவெனின், அன்று. மகிழ்ச்சி வந்த பயனின் சுவை, அது பிராரத்தம், நுகர்ந்தே கழியவேண்டுவது. ‘இஃது என் கெட்டிக்காரத்தனத்தால் வந்தது, இனி என்றும் இப்படியே இருக்கும்’ என்னும் எண்ணம் எழுகின்றதே, அங்கேதான் யான் எனது என்னும் செருக்கு உட்புகுந்து ஆகாமியத்தை விளைக்கின்றது. அவ்வெண்ணத்தால் கடன்பட்டு நிலம் வாங்குதலும், விலை இறங்கியவழிக் கங்காணியை வைது கூலியைக் குறைத்தலும், வட்டிக்காரனுக்கு அஞ்சிப் பொய் கூறுதலும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடரும். பழவினை ஒருநாளில் கழிந்தது. புதுவினை பத்தாண்டுக்குச் சேமிக்கப்பட்டது. நாள்தோறும் விழிப்போடு காக்கவேண்டிய இடம் நுகர்ச்சிக்கும் அச்செருக்கிற்கும் இடையேயுள்ள நூலிழை போன்ற இவ்விடமேயாம். இதனைக் காத்தற்குத் திருவைந்தெழுத்தினும் சிறந்த துணை வேறில்லை என்பது ஆசிரியர் உபதேசம்.

இதுகாறும் கூறியது தனக்கு வரும் இன்பதுன்பங்களைப் பற்றியது. பிறர்க்கு வருவனவற்றின்கண் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பதிலேதான் பலர் வழி தவறுகின்றனர். 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் அணைப் பிணக்கு முற்றியபொழுது மலைக்குச் செல்லும் வழி அடைபட்டது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் தொற்றுநோய்க் காலத்துப் பொதுமுடக்கத்தால் எல்லை மீண்டும் அடைபட்டது. விடியுமுன் ஜீப்பேறிக் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் தோட்ட வேலைக்குச் சென்று வந்த கூலிமக்களுக்கு அந்நாளைக் கூலி அந்நாளே நின்றுபோயிற்று. இத்தகைய காலத்தில், களஞ்சியம் நிறைந்த வீட்டான் ஒருவன், ‘அவரவர் வினையை அவரவர் நுகர்கின்றனர்; இடையே புகுதற்கு யான் யார்?’ என்று சாத்திரம் பேசுவானாயின், அவன் பேச்சில் தருக்கப் பிழை யாது?

பிழை இது. அயலானுக்குப் பசி பிராரத்தம் என்பதை அவன் அறிந்தவனாகப் பேசுகின்றான். அப்பசி தீரும்படி தன் கையிலிருந்து செல்லவேண்டிய கஞ்சியும் அவ்வயலானுக்குரிய பிராரத்தமே அன்று என்பதை எவ்வாறு அறிந்தான்? வினைப்பயனை அளந்து கூட்டுவோன் இறைவன். அவ்வளவை அறியாத உயிர், பாதியை மட்டும் தானே அளந்து, மறுபாதியை மறைத்துக்கொள்ளுதல் இறைவன் தொழிலில் தான் புகுந்து கொள்ளுதலாகும். இடைபுகேன் என்றவனே இடைபுகுந்தான்.

இன்னும் நுணுகி நோக்கின், உயிர்க்குக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று நிலை உள. கேவலத்தில் ஆணவ இருள் முழுதும் மூடி நிற்றலின் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. சுத்தத்திலும் விருப்பு வெறுப்புக்கள் இல்லை. புறத்தே நின்று காண்பார்க்கு இரண்டும் ஒத்தனபோலத் தோன்றும். ஒன்று கண்ணில்லாதவன் நிறவேறுபாடு காணாமை. மற்றொன்று கண்ணுடையவன் நிறத்தில் மயங்காமை. மனம் மரத்துப் போதல் முன்னதன் சாயல். இருவினையொப்பு பின்னதற்கு வாயில். அறிவை மறைத்தல் ஆணவத்தின் தொழிலாகலின், பிறர் துன்பத்தை அறியாதவாறு மறைப்பதும் அதன் தொழிலேயாம். முன்னேறியதாக எண்ணிப் பின்னோக்கிச் செல்வார் நிலை இரங்கத்தக்கது.

உழவர்க்கு உழவர் ஒருவர் வாழ்வே இதனைக் காட்டும். இளையான்குடிமாற நாயனார் செல்வம் சுருங்கி, உள்ளவற்றை விற்றும் கடன்பட்டும், அடியாரை ஊட்டுதலில் சுருங்காது நின்றவர். மழை பெய்த நள்ளிரவில் அடியார் ஒருவர் வந்தபோது மனைவியாரோடு சூழ்ந்து, அன்று பகலில் விதைத்த நெல்முளையை இருளில் சென்று வாரிக் கொணர்ந்தார். விறகின்மையால் வீட்டின் வரிச்சை அறுத்துக் கொடுத்தார். வறுமை அவரை அசைக்கவில்லை. விருந்தினர் பசி அசைத்தது. அம்முளை மறு போகத்திற்கு முதல் என்பதை உழவராகிய அவர் அறியாதவரல்லர். தம் நட்டத்தில் ஒப்பும், பிறர் பசியில் பதைப்பும் ஓருள்ளத்தில் ஒருங்கே இருந்தன.

திருநாவுக்கரசு நாயனார் வாழ்வில் இது மேலும் தெளிவாம். திருப்புகலூரில் அவர் உழவாரத் திருப்பணி செய்யுங்கால், மண்ணிடையே பொன்னும் நவமணியும் மிளிர்ந்தன. பருக்கைக் கற்களோடு அவற்றையும் உழவாரத்தால் ஏந்தி அருகிலிருந்த பொய்கையில் எறிந்துவிட்டுத் தம் பணியை மேற்கொண்டார். எறிந்ததைப் புகழ்வார் பலர். எறிந்தபின் புல் செதுக்கிக்கொண்டே இருந்தார் என்பதை நினைவார் சிலர். ஒப்பு கைவந்தவர்க்குத் தொழில் ஒழியவில்லை. அப்பெருமானே, பஞ்சகாலத்தில் திருவீழிமிழலையில் அடியார்க்கு அமுதூட்டுதற்பொருட்டு இறைவன் நாள்தோறும் வைத்தருளிய பொற்காசை எடுத்துக்கொண்டார். புகலூரில் கல்லாயிருந்த பொன், வீழிமிழலையில் சோறாயிற்று.

அற்றேல், வீழிமிழலை நிகழ்ச்சி முற்பட்டது, புகலூர் நிகழ்ச்சி பிற்பட்டது. ஒப்பு வருமுன் காசைக் கொண்டார், வந்தபின் பொன்னை எறிந்தார் என்றால் என்னையெனின், அது பொருந்தாது. நீற்றறையிலும் நஞ்சிலும் யானை முன்னும் கடலிலும் அவர் நின்ற நிலை அவற்றிற்கெல்லாம் முற்பட்டது. அன்றே நிலைபெற்ற உள்ளம் பின்னொரு காலத்தில் காசுக்கு இளகிற்று என்றல் ஏலாது. காசு தமக்கன்று என்பதே வேறுபாடு.

குயவன் கைவிட்ட பின்னும் சக்கரம் சிறிது சுழலும். பெருங்காயம் நீங்கிய பின்னும் பாண்டத்தில் மணம் நிற்கும். அதுபோல ஒப்பு தலைப்பட்டார்க்கும் பழைய வாதனை தாக்குதல் உண்டு. ஆடித் திங்களில் கோம்பை உழவன் மேல்மலை முகிலை அண்ணாந்து நோக்குதலையும், நோக்கிப் பெருமூச்செறிதலையும் கண்டு அவன் நெறியில் நில்லாதவன் என்று இகழ்தல் ஆகாது.

திருவீழிமிழலையில் நிகழ்ந்தது இன்னும் ஒன்றுண்டு. ஆங்குத் திருஞானசம்பந்தப் பெருமானும் நாள்தோறும் காசு பெற்று அடியாரை ஊட்டி வந்தார். அவர் திருமடத்தில் மட்டும் அமுது காலந்தாழ்த்தது. ‘பஞ்சத்தில் எந்நேரம் உண்டாலென்ன’ என்று அவர் வாளா இருக்கவில்லை, காரணம் வினவினார். அரசர் பெற்றது மெய்வருந்திச் செய்த கைத்தொண்டிற்கு வந்த காசாகலின் வட்டமின்றி மாறியது, தமக்கு வந்ததோ வாசியுடைய காசு, அதனை மாற்றிப் பண்டம் கொள்வதில் பொழுது கழிகின்றது என்று அறிந்தார். வாசி தீர வேண்டிப் பதிகம் பாடினார். அதன்பின் அங்கும் நற்காசு வந்தது. இரு திருமடங்களிலும் உரிய காலத்தில் இலை விரிந்தது.