நேற்றைய மன்னா

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எங்கள் வீட்டில் அதிகம் தவித்தவர் பாட்டிதான். அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, பிரஷர் மாத்திரை மூன்று மாசத்துக்கு இருந்தது. கோயில்தான் இல்லை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்கு ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்த மனுஷி. எண்பதைத் தாண்டிய வயது. அவ்வளவு பெரிய வளாகத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

பூசை இணையத்துக்கு மாறியது. கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்துக் கொடுப்பது என் வேலை. பாட்டி குளித்து, சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். நற்கருணை நேரம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாயைக் கொஞ்சமாகத் திறப்பார். மூன்று நான்கு விநாடி. பிறகு மூடிக்கொள்வார்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பாட்டி, டிவியிலருந்து ஒன்னும் வராது."

"வராதுன்னு தெரியும்யா. பசிக்குதுன்னு காட்டணும்ல."

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சிரித்துவிட்டு அறைக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் மட்டும் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அதைப் புரிந்துகொள்ள நான் செய்யும் முயற்சி.

கத்தோலிக்கப் பழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பூசையில் தரப்படும் அப்பம் இயேசுவை நினைவுபடுத்தும் ஓர் அடையாளம் மட்டுமல்ல, அது அவருடைய உடலாகவே மாறுகிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. சீர்திருத்தச் சபைகள் பலவும் இதை வேறு விதமாகப் புரிந்துகொள்கின்றன. ஆனால் எல்லாத் தரப்பும் ஒன்றில் உடன்படும்: ஆன்மாவுக்கும் பசி உண்டு, அந்தப் பசிக்கு உணவு இயேசு. சாப்பாடு போடுகிறவர் மட்டுமல்ல, சாப்பாடே அவர்தான் என்கிறது கிறிஸ்துவம்.

இந்த இடத்தில்தான் எனக்குள் இருக்கும் எஞ்சினியர் எழுந்து நின்றுவிடுவான்.

நிபோங் தெபாலில் நான்கு வருடம் படித்ததிலும், பிறகு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பார்த்ததிலும் எனக்கு ரத்தத்தில் ஊறிப்போன ஒரு பாடம் உண்டு. எதையும் ஒன்றை மட்டும் நம்பி நிறுத்தாதே. ஒரு பம்ப் ஓடினால் பக்கத்தில் ஸ்டாண்ட்பை பம்ப் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் யூ.பி.எஸ். தாங்க வேண்டும், அதற்குள் ஜெனரேட்டர் எழுந்துவிட வேண்டும். ஒரே ஒரு பாகம் செத்தால் மொத்த லைனும் நின்றுவிடும் என்றால் அந்த இடத்துக்கு 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்று பெயர். அதைத் தேடிக் கண்டுபிடித்து ஒழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரே ஒருவரை ஆன்மாவின் உணவாக நம்பு என்று சொன்னால், எனக்கு அது மோசமான வடிவமைப்பாகத்தான் தெரிந்தது. அதனால் வாழ்க்கையிலும் ஸ்டாண்ட்பை வைத்துக்கொண்டேன். நாவல்கள், உடற்பயிற்சி, தியானச் செயலி, இரவு ஒரு மணி வரை நண்பர்களோடு மாமாக் கடைப் பேச்சு. இதை வாசிப்பவர்களில் பலரும் என்னைப் போலத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் கொடுத்த சாமியை வைத்துவிட்டு இலக்கியத்திடம் வந்தவர்கள். அதில் தப்பில்லை. ஆனால் நேர்மையாகச் சொன்னால், நான் சேர்த்ததெல்லாம் பசியை ஆற்றவா, பசியை உணராமல் இருக்கவா என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

ஊரடங்கில் வேறு வேலை இல்லாததால் பாட்டியின் பைபிளை எடுத்தேன். முதலில் விடுதலைப் பயணம் 16-ஆம் அதிகாரம். எகிப்திலிருந்து தப்பி வந்த மக்கள் பாலைவனத்தில் பசியில் முணுமுணுக்கிறார்கள். காலையில் பனி விலகியதும் தரையில் மெல்லிய ஏதோ ஒன்று கிடக்கிறது. இது என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். 'மன்னா' என்ற பெயரை அந்தக் கேள்வியோடுதான் அந்த நூல் சேர்த்துச் சொல்கிறது. இன்னதென்று தெரியாமலேயே நாற்பது வருடம் அதைத்தான் சாப்பிட்டார்கள். இன்னொரு விஷயம் என்னை இன்னும் உறுத்தியது. அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்குத்தான் எடுக்க வேண்டும். நாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழு வைத்து நாறிவிடும். ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மட்டும் இரண்டு பங்கு.

சேமிப்பே இல்லாத ஒரு விநியோக முறை! எந்த ஆடிட்டும் இதை ஏற்காது. ஆனால் அந்த முறைக்கு வேறு ஒரு நோக்கம் இருக்கலாம் என்று மெல்லப் புரிந்தது. அடிமையாக இருந்தவர்கள் அவர்கள். எகிப்தில் அவர்களைக் கசக்கிப் பிழிந்து கட்டவைத்தவை களஞ்சிய நகரங்கள் என்று அதே நூல் சொல்கிறது. களஞ்சியத்தை நம்பும் புத்தியிலிருந்து அவர்கள் வெளியே வர வேண்டியிருந்தது. உணவோடு சேர்த்து நம்பிக்கையும் அவர்களுக்குத் தினம் ஒரு நாளுக்கான அளவில்தான் கிடைத்தது. நேற்றைய மன்னாவை வைத்து இன்றைக்குப் பசியாற முடியாது. பத்து வயதில் எனக்கு இருந்த பக்தியை நினைத்து இருபத்து நான்கு வயதில் நான் ஏங்கிக்கொண்டிருந்தது அந்த நாறிப்போன மன்னாவைத்தான்.

அடுத்து, யோவான் நற்செய்தி 6-ஆம் அதிகாரம். ஐயாயிரம் ஆண்கள் கூடிய கூட்டம். ஒரு பையனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் இருக்கின்றன. மற்ற மூன்று நற்செய்திகளிலும் இந்த நிகழ்ச்சி உண்டு, ஆனால் அந்தப் பையனையும் வாற்கோதுமையையும் சொல்வது யோவான் மட்டும்தான். வாற்கோதுமை ஏழைகளின் தானியம். எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் பன்னிரண்டு கூடை. மறுநாள் அதே கூட்டம் ஏரியைக் கடந்து கப்பர்நாகூமில் அவரைக் கண்டுபிடிக்கிறது. வயிறு நிறைந்ததால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பிறகு, வாழ்வு தரும் உணவு தானே என்கிறார். பேச்சு போகப் போக அவர் வாயில் வரும் சொல்லும் மாறுகிறது. கிரேக்க மூலத்தில் 'உண்பது' என்ற பொதுவான சொல்லுக்குப் பதில், பல்லால் மெல்லுவதைக் குறிக்கும் சொல் வந்துவிடுகிறது. கேட்டவர்களுக்குத் தாங்க முடியவில்லை. சீடர்களிலேயே பலர் போய்விடுகிறார்கள். மிச்சம் இருந்த பன்னிருவரிடம், நீங்களும் போகிறீர்களா என்று கேட்கிறார். பேதுரு முதலில் சொல்வது நம்பிக்கை அறிக்கை இல்லை, ஒரு கேள்வி. போவதென்றால் யாரிடம் போவது? விசுவாசத்தைப் பற்றியெல்லாம் அதற்குப் பிறகுதான் பேசுகிறார். எனக்கு அந்த வரிசை பிடித்திருந்தது.

இங்கே ஒரு பழைய குற்றச்சாட்டைத் தாண்டிப் போக முடியாது. "பால்மாவுக்கு மதம் மாறினவங்க" என்று எங்கள் தாமானில் என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். சின்ன வயதில் அவமானமாக இருக்கும். இப்போது யோசித்தால், அதே குற்றச்சாட்டை இயேசுவே அந்தக் கூட்டத்தின் மேல் வைக்கிறார். ஆனால் எப்போது வைக்கிறார்? சாப்பாடு போட்ட பிறகு. பந்தியில் உட்காரவைக்கும்போது யாருடைய உள்நோக்கத்தையும் அவர் சோதிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று தெரிந்தும் போட்டார்.

அந்த வரிசை மாறினால் 'ஆன்மிக உணவு' என்ற சொல்லே ஆபாசமாகிவிடும். 2021 ஜூன், ஜூலையில் நம் நாட்டில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வேலை போய், அரிசி தீர்ந்தவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். பார்த்தவர்கள் உதவ வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் அந்த வெள்ளைக் கொடி இயக்கம். கொடியை ஏற்றுவதைவிடக் கையேந்திக் கடவுளிடம் பிரார்த்தியுங்கள் என்று ஓர் அரசியல்வாதி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் அப்போதுதான். அவரை நானும் திட்டினேன். ஆனால் எல்லா மதத்திலும் அந்தக் குரல் இருக்கிறது. பைபிளுக்குள்ளேயே அதற்குச் சூடான பதிலும் இருக்கிறது. சாப்பாடில்லாதவனிடம் நல்லபடியாகப் போய் வயிறாரச் சாப்பிடு என்று வாயால் வாழ்த்திவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் அதனால் என்ன பயன் என்று யாக்கோபின் திருமுகம் கேட்கிறது. கொரிந்து நகரத்துச் சபையில் சிலர் குடித்து வெறித்திருக்க, சிலர் பட்டினியாக உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் எழுதினார்.

எங்கள் வரிசையில் நான்காவது வீட்டில் ஒரு வெள்ளைத் துவாலை தொங்கியது. சாமி படங்களும் வேப்பமரமும் உள்ள வீடு. பாட்டி என்னைக் கூப்பிட்டு ஐந்து கிலோ அரிசியும் ஒரு டின் மைலோவும் எடுத்துப் போகச் சொன்னார். கேட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் புள்ள மொகத்தப் பாத்தியா?"

பார்க்கவில்லை. சங்கடமாக இருந்ததால் குனிந்தபடி வந்துவிட்டேன். கொடி கட்டுவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று அன்று ராத்திரிதான் யோசித்தேன். யாராவது பார்ப்பார்கள் என்ற நிச்சயம் கிடையாது. கேலி செய்யவும் ஆள் உண்டு. இருந்தும் பசிக்கிறது என்று தெருவுக்குக் காட்ட வேண்டும். தொலைக்காட்சி முன்னால் பாட்டி வாயைத் திறந்ததும் அதுதானே? அவர் ஏற்றிய வெள்ளைக் கொடி அது.

அதுவரை நம்பிக்கை என்றால் வயிறு நிறைந்த உணர்வு என்று நினைத்திருந்தேன். அன்னை தெரசாவின் கடிதங்கள் அந்த நினைப்பையும் கலைத்துவிட்டன. அவர் இறந்தது 1997-இல். பத்து வருடம் கழித்து, 2007-இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வந்தன. கல்கத்தாவில் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் கடவுளின் இருப்பை உணராத இருட்டில் இருந்ததாக அவற்றில் எழுதியிருக்கிறார். 1958-இல் சிறிது காலம் மட்டும் அது விலகியது. ஆனாலும் தினம் பூசைக்குப் போனார், அதே அப்பத்தை வாங்கினார், தெருவில் கிடந்தவர்களிடம் போனார். இது பாசாங்கு என்று சொன்னவர்கள் உண்டு. அவருடைய இல்லங்களில் தரப்பட்ட மருத்துவம் பற்றிய விமர்சனங்களும் உண்டு, அவற்றை ஒதுக்க நான் தயாரில்லை. ஆனால் பாசாங்குக்காரர் தன் பசியை ஐம்பது வருடம் எழுதி வைக்க மாட்டார். ருசியே தெரியாத உணவைத் தினம் சாப்பிட ஒருவர் திரும்பி வந்துகொண்டே இருந்தார் என்றால், அதற்கு நம்பிக்கை என்பதைத் தவிர என்ன பெயர் வைப்பது?

அவருடைய சபையின் சிற்றாலயங்களில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு வாசகம் இருக்கும். இயேசு சாகும்போது தன் தாகத்தைச் சொன்ன அந்த வார்த்தை. அதைச் சொல்லும் நற்செய்தியும் யோவான்தான். அதே நூலின் 4-ஆம் அதிகாரத்தில், வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிச் சமாரியப் பெண்ணிடம் பேசுவதற்கு முன், குடிக்கத் தண்ணீர் கொடு என்று அவளிடம் கேட்பவர் அவர். ஊற்று என்று சொல்லிக்கொண்டவர் தாகத்தோடு வந்து, தாகத்தோடேயே சாகிறார்.

என் கணக்கு தவறியது இங்கேதான். இயேசுவை நான் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் போல நினைத்துக்கொண்டேன். தொட்டி வற்றினால் என்ன செய்வது, இரண்டாவது தொட்டி எங்கே என்பதே என் கவலை. ஆனால் இந்தக் கதையில் அந்த ஒற்றைப் பாகம் உடைந்தேவிட்டது. வெள்ளிக்கிழமை பிற்பகல் எல்லார் கண் முன்னாலும் செத்துப்போனது. கிறிஸ்துவம் அதை மறைக்காமல் சிலுவையாகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறது. அப்படியானால் அவரை நம்புவது விநியோகம் நிற்காது என்ற உத்தரவாதத்தை நம்புவது அல்ல. நம்முடைய பசியைத் தானும் பட்ட ஒருவரோடு பந்தியில் உட்காருவது. அந்தப் பந்தியில் தனியாகச் சாப்பிட முடியாது. மற்ற மூன்று நற்செய்திகளும் கடைசி இரவுணவில் அப்பமும் இரசமும் கொடுத்ததைச் சொல்லும் இடத்தில், யோவான் இயேசு சீடர்களின் காலைக் கழுவியதைச் சொல்கிறார். உண்டவர் குனிய வேண்டும். உண்டாரா இல்லையா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சோதனை அதுதான்.

2022 கடைசியில் பாட்டி படுக்கையில் விழுந்தார். பக்கவாதம். விழுங்க முடியாது என்பதால் மூக்கு வழியாகக் குழாய். மணிக்கணக்குப் பார்த்துப் பால் ஊற்றுவது நான்தான். எத்தனை மில்லி, எந்த நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எனக்கு அது வசதியான வேலை, எல்லாம் அளவு. ஒருநாள் ஃபாதர் வந்தார். நற்கருணை அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்தார். பாட்டிக்கு அதற்கு முன்பே பேச்சு போயிருந்தது. அவர் கண்ணை மூடி, வாயைக் கொஞ்சமாகத் திறந்தார். ஒரு மணல் அளவு இருக்கும். என் நோட்டில் அதை எழுத இடமில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். கடைசி வரிசையில்தான் உட்காருகிறேன். எல்லாரும் எழுந்து நற்கருணைக்கு வரிசையில் போகும்போது சில வாரம் போகிறேன், சில வாரம் போவதில்லை. என் சந்தேகங்களில் ஒன்றும் தீரவில்லை. ஆனால் போன மாதம் அந்த நான்காவது வீட்டு அக்கா கேட்டில் நின்று, வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்த முறை முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன்.